ஜப்பான் கிராமத்து விவசாயி வீட்டில் ஒரு வார இறுதி: மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் படிக்கும் மாணவர் சனிக்கிழமை காலை ரயிலேறி, ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கி, ஞாயிறு மாலை திரும்புவதற்கான வழிகாட்டி இது. நான் இப்படிப் போய்த் தங்கியிருக்கிறேன். பிறகு புதிதாக வந்த மாணவர்களை அனுப்பியும் வைத்திருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருந்தன: ஒரு வாரம் முன்பே சொல்லியிருக்க வேண்டியதைச் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார்கள்.

அங்குள்ள வீட்டுக்காரர்கள் விருந்தாளி வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் வாங்கி, யோசித்து வைத்திருப்பார்கள். கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னால் சங்கடப்படுவார்கள், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். வேலையில் பாதி ரயிலேறும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

1. எந்த வழியில் போவது என்று முடிவு செய்யுங்கள்

முதல் தடவை போகிறவர்களுக்கு நல்ல வழி, பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அல்லது ஊரின் சர்வதேசப் பரிமாற்றச் சங்கம் நடத்தும் வார இறுதித் தங்கல். குடும்பத்தை அவர்களே பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஏதாவது சிக்கல் வந்தால் கூப்பிட ஓர் ஆள் இருப்பார். இடங்கள் குறைவு என்பதால், பருவம் தொடங்கியதுமே அறிவிப்புப் பலகையையும் மின்னஞ்சலையும் பாருங்கள்.

இரண்டாவது வழி, பணம் கொடுத்துத் தங்கும் விவசாயி வீடு. இதை நோக்கா மின்ஷுகு என்பார்கள். ஒய்தா மாகாணத்தின் அஜிமு, இவாத்தேயின் தோனோ, அகிதாவின் செம்போகு ஆகிய பகுதிகளில் இப்படிப்பட்ட வீடுகள் பல உண்டு. கட்டணம் கொடுப்பதால் உங்கள் தேவைகளைக் கேட்கக் கூச்சம் குறையும்.

மூன்றாவது, வேலை செய்து கொடுத்து அதற்கு ஈடாக உணவும் இடமும் பெறுவது. இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம். மாணவர் விசாவில் இருப்பவர் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம் வரைதான். கையில் பணம் வாங்காவிட்டாலும், உணவும் இடமும் கூலியாகக் கருதப்படலாம். பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டு, சரி என்று அவர்கள் சொன்ன பிறகு மட்டும் போங்கள்.

2. மாதத்தைப் பார்த்து விண்ணப்பியுங்கள்

என்ன வேலை பார்க்கக் கிடைக்கும் என்பது மாதத்தைப் பொறுத்தது. பெரும்பாலான பகுதிகளில் மே முதல் ஜூன் வரை நடவு, செப்டம்பர் முதல் அக்டோபர் வரை நெல் அறுவடை. நாகானோ, அவோமோரி பக்கம் இலையுதிர் காலத்தில் ஆப்பிள் பறிப்பு. நவம்பரில் காகி என்ற துவர்ப்புப் பெர்சிமன் பழத்தைத் தோல் சீவி, கயிற்றில் கட்டி வெயிலில் தொங்கவிடுவார்கள். கடுங்குளிரில் மிசோ என்ற புளித்த சோயா விழுது போடுவது, ஊறுகாய் போடுவது, கூரையிலும் வழியிலும் பனி அள்ளுவது என்று வேலை இருக்கும்.

என் பரிந்துரை அக்டோபர். வெயில் தணிந்திருக்கும், பூச்சி குறைவு, சாப்பாட்டில் புது அரிசி வரும். தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஆகஸ்ட் நடுவில் ஓபோன் வரும். முன்னோரை நினைத்து உறவினர்கள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பும் நாட்கள் அவை, விருந்தாளிக்கு இடம் இருக்காது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை நீளும் தொடர் விடுமுறையில் ரயில் நிரம்பி வழியும்.

3. சாப்பாட்டைப் பற்றி ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள்

நம் மாணவர்கள் அதிகம் சறுக்கும் படி இது. “நான் வெஜிடேரியன்” என்று ஒரே வரி எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட வீட்டம்மா இறைச்சியை மட்டும் விட்டுவிட்டு, மீன் வறுத்து வைப்பார். மீனையும் விட்டாலும் சூப்பில் தாஷி இருக்கும். தாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அடிச்சாறு. பெரும்பாலும் உலர்த்திச் சீவிய கத்சுவோ மீனிலிருந்தோ சிறு நெத்திலியிலிருந்தோ எடுப்பார்கள். மிசோ சூப், வேகவைத்த காய்கறி, நூடுல்ஸ் குழம்பு எல்லாவற்றிலும் அது இருக்கும்.

எனவே பொருள் பொருளாகப் பட்டியல் போடுங்கள். மாடு, பன்றி, கோழி, மீன், இறால், முட்டை, பால், மீன் தாஷி, ஹாம், ஜெலட்டின் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகச் சாப்பிடுவேன், சாப்பிடமாட்டேன் என்று குறியுங்கள். ஹலால் பார்ப்பவர்கள் மிரின், சமையல் சாகே இரண்டையும் சேர்க்க வேண்டும். இரண்டிலும் மது உண்டு, ஜப்பானியர்கள் அவற்றை மசாலாவாகத்தான் நினைப்பார்கள். பட்டியலை ஜப்பானியத்தில் மாற்றி, ஜப்பானிய நண்பர் ஒருவரிடம் காட்டித் திருத்திய பிறகு அனுப்புங்கள். செயலி மொழிபெயர்ப்பை அப்படியே அனுப்பினால் குறிப்புகள் தலைகீழாகும் ஆபத்து உண்டு.

கூடாதவற்றோடு நிறுத்தாதீர்கள். சாப்பிடக்கூடியதையும் எழுதுங்கள்: தோஃபு, மிசோ, காய்கறி தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது), கொன்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த ஷிய்தாகே காளானிலும் எடுத்த தாஷி, சோறு, பழம். இதைப் பார்த்ததும் வீட்டம்மாவின் கவலை பாதி தீர்ந்துவிடும். கொன்பு தாஷி அவர்களுக்குத் தெரிந்த முறைதான், புதிதாக எதையும் தேடி வாங்க வேண்டியதில்லை. பல வீடுகளில் தெம்புரா மாவில் முட்டை சேர்ப்பார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் மீன் தாஷி பரவாயில்லை என்று இருப்பவர்களும் அதைத் தெளிவாக எழுதுங்கள். “எது கொடுத்தாலும் சரி” என்று பணிவுக்காக எழுதாதீர்கள். அதை நம்பி வாங்கிவிடுவார்கள்.

4. அதே கடிதத்தில் கால் அளவையும் எழுதுங்கள்

வயலில் போடும் ரப்பர் பூட்ஸ் வீட்டில் இருக்கும். ஆனால் உங்கள் அளவு இருக்குமா என்பதுதான் கேள்வி. ஜப்பானில் காலணி அளவு சென்டிமீட்டரில். 28-க்கு மேல் என்றால் முன்கூட்டியே சொன்னால்தான் யாரிடமாவது இரவல் வாங்கி வைப்பார்கள்.

ஒவ்வாமை, முதுகுவலி, ஆஸ்துமா, நாய்ப் பயம், மாதவிடாய் நாட்களில் தண்ணீரில் இறங்க முடியாது போன்றவற்றையும் இப்போதே சொல்லுங்கள். அவர்கள் வேலையை அதற்கேற்ப அமைப்பார்கள். அங்கே போய் மறைத்துச் சமாளித்தால், உங்கள் முகத்தைப் பார்த்து அவர்கள் தங்கள்மேல் குறை என்று எடுத்துக்கொள்வார்கள்.

விபத்துக்கும், நீங்கள் எதையாவது உடைத்துவிட்டால் ஈடு கொடுப்பதற்கும் காப்பீடு உண்டா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். தேசிய மருத்துவக் காப்பீட்டில் செலவின் 30 சதவீதத்தை நீங்கள் கட்ட வேண்டும். உடைந்த டிராக்டர் கண்ணாடிக்கு அது உதவாது.

5. ரயிலைத் திரும்புவதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

கிராமத்துப் பாதையில் ரயில் மணிக்கு ஒன்று, சில இடங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. முதலில் ஞாயிறு மாலை திரும்பும் ரயிலை முடிவு செய்யுங்கள், பிறகு சனிக்கிழமை போகும் ரயில். கடைசி ரயிலுக்கு முந்தியதைத் தேர்ந்தெடுங்கள். கடைசியைத் தவறவிட்டால், அடுத்த நாள் வயலுக்குப் போக வேண்டிய மனிதர் இரவில் காரோட்டி உங்களைக் கொண்டுபோய் விடுவார்.

ஒரு வழித் தூரம் 100 கிலோமீட்டரைத் தாண்டினால், மாணவர் சான்றுடன் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. சான்றைப் பல்கலைக்கழகத்தில் வெள்ளிக்கிழமைக்கு முன்பே எடுத்துவிடுங்கள், வார இறுதியில் அலுவலகம் மூடியிருக்கும். விரைவு ரயிலுக்கான கூடுதல் கட்டணத்துக்குத் தள்ளுபடி கிடையாது.

சுய்கா போன்ற ரயில் கட்டண அட்டையை நம்பிப் போகாதீர்கள். பல கிராமத்து நிலையங்களில் அது செல்லாது, ஒரு பகுதியில் உள்ளே போய் இன்னொரு பகுதியில் வெளியே வரவும் முடியாது. ஓட்டுநர் ஒருவர் மட்டும் இருக்கும் ரயிலில் பெரும்பாலும் பின்கதவில் ஏறி, எண் சீட்டு எடுத்து, இறங்கும்போது முன்னால் ஓட்டுநர் அருகே பணம் போட வேண்டும். 1000 யென் தாளும் சில்லறையும் வைத்திருங்கள், பெரிய தாளுக்கு வண்டியில் சில்லறை கிடைக்காது. கதவு தானாகத் திறக்கவில்லையென்றால் பக்கத்தில் பொத்தான் இருக்கும்.

ரயில் ஏறியதும் வீட்டாருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போய் நிற்பதும் சிரமம் தருவதுதான். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

தங்கும் அனுமதி அட்டை முதலில். 16 வயது நிரம்பிய வெளிநாட்டவர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மருத்துவக் காப்பீட்டு ஆவணமும் அதோடு இருக்கட்டும்.

வயலுக்கு, அழுக்கானாலும் கவலைப்படாத முழுக்கைச் சட்டை, நீளமான பேண்ட், தொப்பி, கழுத்தில் சுற்ற ஒரு துண்டு. கோடையிலும் முழுக்கைதான், உண்ணியும் புல் கீறலும் அதற்குக் காரணம். கறுப்பு உடையை விடுங்கள், பெரிய குளவிகள் அடர்நிறத்தைத் தாக்கும். ஓட்டையில்லாத காலுறை மூன்று ஜோடி. வீட்டுக்குள் காலுறையோடுதான் நடமாடுவீர்கள், எல்லோர் கண்ணும் அங்கே போகும்.

ஒரு பரிசு. 1000 முதல் 2000 யென் வரை போதும், அதற்கு மேல் போனால் பதில் பரிசு தேட வைப்பீர்கள். தனித்தனியாகச் சுற்றிய இனிப்பு நல்லது, அக்கம்பக்கத்துக்கும் பங்கு போடலாம். நான்கு எண்ணிக்கை வேண்டாம். அந்த எண்ணின் உச்சரிப்பு சாவைக் குறிக்கும் சொல்லோடு சேர்வதால் வயதானவர்கள் தவிர்ப்பார்கள். நீங்கள் கொடுத்ததை உடனே பிரிக்காமல் வீட்டின் புத்த பீடத்தில் வைத்தால் வருந்த வேண்டாம். முன்னோருக்கு முதலில் படைப்பது அங்கே வழக்கம்.

அச்சிட்ட புகைப்படங்கள் ஐந்தாறு எடுத்துப் போங்கள். உங்கள் குடும்பம், தெரு, முடிந்தால் நம்மூர் நாற்று நடவு. செல்பேசித் திரையைவிடக் கையில் பிடிக்கும் படம் பாட்டி தாத்தாக்களுக்கு வசதி. பெண்கள் வரிசையாகக் குனிந்து நடும் படத்தைக் காட்டினால், தங்கள் இளவயதில் அப்படித்தான் நட்டோம் என்று தொடங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் பேச்சுக்கு உங்கள் இலக்கணம் தடையில்லை. பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுவிடும் என்பதால் மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானியத்தை முன்பே தரவிறக்கி வையுங்கள்.

7. வாசலில் முதல் ஐந்து நிமிடம்

காலணியை வாசலை ஒட்டிய தாழ்வான தரையில் கழற்றி, நேராக உயர்ந்த வீட்டுத் தரையில் கால் வையுங்கள். கழற்றிய காலோடு தாழ்வான தரையை மிதித்தால் தெருத் தூசி உள்ளே வரும். காலணியின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும்.

உள்ளே செருப்பு தருவார்கள். டடாமி பாய் விரித்த அறை வந்ததும் அதையும் கழற்றுங்கள். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. அதோடு வெளியே நடந்துவிடுவது புதியவர்களின் வழக்கமான பிழை. சக்கரப் பெட்டியை டடாமியில் உருட்டக் கூடாது, பாய் கிழியும். முதுகுப்பை கொண்டுபோனால் இந்தக் கவலையே இல்லை.

“கொரே காரா ஒசெவா நி நாரிமாஸ்” என்று சொல்லித் தலை தாழ்த்துங்கள். இனி உங்கள் கவனிப்பில் இருக்கப் போகிறேன் என்ற பொருள். பரிசை இரண்டு கையாலும், அறைக்குள் வந்த பிறகு கொடுங்கள்.

8. வயலில் முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்

ஆர்வத்தில் பாய்ந்து வேலை செய்பவரைவிட, காட்டியபடி செய்பவரைத்தான் விவசாயிக்குப் பிடிக்கும். அவர் ஒருமுறை செய்து காட்டும்வரை பொறுங்கள். நாம் ஊரில் வேறு மாதிரிச் செய்வோம் என்பதைத் தேநீர் வேளையில் சொல்லலாம்.

நெல் அறுக்க ரம்பப் பல் வைத்த அரிவாள் தருவார்கள். அதால் ஓங்கி வெட்டக் கூடாது, தன்பக்கம் இழுக்க வேண்டும். நெல் தாளைப் பிடிக்கும் கையில் கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கட்டும், கீழ்நோக்கி இருந்தால் அரிவாள் விரலில் பாயும். நடவில் ஒரு காலைச் சேற்றிலிருந்து எடுக்கும்போது முதலில் குதிகாலைத் தூக்குங்கள், காலை நேராக மேலே இழுத்தால் விழுவீர்கள்.

புல்வெட்டும் இயந்திரம் ஓடினால் 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள், கல் தெறிக்கும். பின்னாலிருந்து போய்த் தோளைத் தொடவே கூடாது, திரும்பும்போது கத்தியும் சேர்ந்து திரும்பும். வயலைச் சுற்றி மெல்லிய கம்பி தெரிந்தால் காட்டுப்பன்றிக்கான மின்வேலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு மாகாணங்களில் கரடி ஊருக்குள் வருவது கூடியிருக்கிறது, விடிகாலையில் தனியாக நடைபோக வேண்டாம்.

காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் வேலையை நிறுத்தித் தேநீர் குடிப்பார்கள். “இன்னும் கொஞ்சம் முடித்துவிட்டு வருகிறேன்” என்று தொடராதீர்கள். எல்லோரும் சேர்ந்து உட்காருவதுதான் அந்த நேரம். களைத்துவிட்டால் உடனே சொல்லுங்கள், குறிப்பாகக் கோடையில்.

9. குளியல் இரவில்

பல வீடுகளில் வேலை முடிந்ததும் குளியல், அப்புறம்தான் சாப்பாடு. தொட்டித் தண்ணீர் ஏறக்குறைய 40 முதல் 42 டிகிரி இருக்கும், அதே தண்ணீரில் வீடே ஒருவர் பின் ஒருவராக இறங்கும். அதனால் வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்பு போட்டு, தலை அலசி, நுரை போகக் கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் போக வேண்டும். தொட்டி உடம்பைச் சூடேற்ற மட்டும்.

துண்டைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். நீண்ட கூந்தலை மேலே முடிந்துகொள்ளுங்கள். வெளியே வந்ததும் மூடியைத் திரும்ப வையுங்கள், சூடு ஆறாமல் இருக்க. அடைப்பைத் திறந்து தண்ணீரை விட்டுவிடவே கூடாது! விருந்தாளியை முதலில் குளிக்கச் சொல்வது வழக்கம், ஆகவே உங்களுக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருப்பார்கள்.

காலையில் குளிக்காமல் இருக்க முடியாது என்பவர்கள், ஷவர் பயன்படுத்தலாமா என்று முந்தின இரவே கேளுங்கள். வெந்நீர் வசதி வீட்டுக்கு வீடு மாறும்.

10. சாப்பிடும்போதும் சமைக்கும்போதும்

தொடங்கும் முன் “இதாதாகிமாஸ்”, முடித்ததும் “கோச்சிசோசமா தேஷ்தா”. சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் தூக்கிப் பிடித்துத்தான் சாப்பிட வேண்டும். இடது கை வேண்டாமே என்று நமக்குத் தோன்றும், அங்கே கிண்ணத்தை மேசையில் விட்டுக் குனிவதுதான் அநாகரிகம். குச்சியைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குப் பொருளை மாற்றாதீர்கள். இரண்டும் இறப்புச் சடங்கைச் சேர்ந்தவை.

மது ஊற்ற வந்தால் முதல் கோப்பையிலேயே “நோமேமாசென்” என்று சொல்லிவிடுங்கள். பாதி குடித்துவிட்டு மறுப்பதைவிட இது எளிது. 20 வயது ஆகாதவர் குடிப்பது அங்கே சட்டப்படி தவறு.

நம்மூர்ச் சாப்பாடு சமைத்துக் காட்ட விரும்பினால் ஞாயிறு மதியம் நல்ல நேரம். அதையும் முன்பே கேட்க வேண்டும். மின்காந்த அடுப்பு உள்ள வீட்டில் அடி உருண்ட வாணலி சூடாகாது, தட்டையான சட்டி வேண்டும். கடுகு தாளிக்கும்போது எண்ணெய் சுற்றிலும் தெறிக்கும். மூடி வைத்து, காற்றுப்போக்கியை முதலிலேயே போட்டுவிட்டு, பிறகு அடுப்பை முழுவதும் துடையுங்கள். பெருங்காயத்தை டப்பாவோடு கொண்டுபோகாமல் சிறிதளவு இரட்டை உறையில் போடுங்கள். காரம் அறவே குறைவாக இருக்கட்டும். உருளைக்கிழங்குப் பொரியல், தக்காளி ரசம், அப்பளம் மூன்றும் எடுபடும். எலுமிச்சைச் சாதம் செய்யாதீர்கள், ஜப்பானிய அரிசி ஒட்டும் தன்மையுள்ளது, குழைந்து உருண்டையாகிவிடும்.

11. கிளம்பும் நாளும் அதற்குப் பிறகும்

காலையில் ஃபுடோன் மெத்தையை மூன்றாக மடித்து அறையின் ஓரத்தில் வையுங்கள், உறைகளைக் கழற்றித் தனியாக. அலமாரியில் நீங்களே அடுக்க வேண்டாம், உறைகளைத் துவைப்பதும் மெத்தையை வெயிலில் போடுவதும் அவர்களுக்கு ஒரு வரிசை. பை கட்டும்போது கொஞ்சம் இடம் விடுங்கள். அரிசியும் காய்கறியும் கட்டாயம் தருவார்கள்.

முகங்களும் வீடும் தெரியும் படங்களை இணையத்தில் போடும் முன் கேளுங்கள், குழந்தைகள் இருந்தால் கண்டிப்பாக. அறை திரும்பிய அன்று இரவே “நல்லபடியாக வந்து சேர்ந்தேன்” என்று செய்தி அனுப்புங்கள், அதுவரை அவர்கள் காத்திருப்பார்கள். ஒரு வாரத்துக்குள் கையால் எழுதிய நன்றிக் கடிதம், இரண்டு படங்களை அச்சிட்டு உள்ளே வைத்து. பொதுவான நன்றிக்குப் பதில் ஒன்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள்: அந்தக் கொன்பு தாஷியில் வெந்த முள்ளங்கி, தாத்தா அரிவாள் பிடிக்கக் கற்றுக் கொடுத்தது.

புத்தாண்டு வாழ்த்து அட்டையை டிசம்பர் 25-க்குள் அஞ்சலில் சேர்த்தால் ஜனவரி 1 அன்று அவர்கள் கைக்குப் போகும். அந்த ஆண்டு வீட்டில் யாராவது இறந்திருந்தால் முன்கூட்டியே துக்க அட்டை அனுப்பியிருப்பார்கள், அப்போது வாழ்த்து அனுப்பாதீர்கள். அடுத்த நடவுக்கு வரலாமா என்று கேட்க நினைத்தால் ஏப்ரல் தொடக்கத்திலேயே எழுதுங்கள். எந்த நாளில் நாற்று நடுவது என்பதை அப்போதுதான் முடிவு செய்துகொண்டிருப்பார்கள்.